பொதுப்பொருளுக்கு முறை வகுத்த பேரறிஞர் டைக்ஸ்ட்ரா

பலருக்கும் பொதுவான ஒரு பொருளைப் பலரும் ஒரே வேளையில் கையாள நேரும்போது, அதற்கு ஒரு முறை வேண்டும். முறை இல்லாத இடத்தில் விரைந்தவர் எடுத்துக்கொள்வர், பிந்தியவர் இழப்பர், சில வேளைகளில் இருவர் கையிலும் அகப்பட்டுப் பொருளே பாழாகிவிடும். மனித வாழ்வில் நாம் நாள்தோறும் காணும் இவ்வுண்மை கணிப்பொறியின் உள்ளேயும் பொருந்தும் என்பதை உணர்ந்து, அதற்குரிய முறையைக் கணித நெறியில் நிறுவிக் காட்டிய பெருமை நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைச் சாரும். இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் நம் கையிலுள்ள கைப்பேசியிலும் ஒரே நொடியில் பல பணிகள் ஒன்றோடொன்று மோதாமல் நடைபெறுகின்றன என்றால், அதற்கு அவர் இட்ட அடித்தளம் ஒரு முதன்மைக் காரணமாகும். கணிப்பொறிக் கல்வியை நாடிச் செல்லும் நம் இளைஞர்கள் அவருடைய வாழ்வையும் பணியையும் அறிந்துகொள்வது பெரிதும் பயன் தரும்.

பிறப்பும் கல்வியும்

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் வேதியியல் ஆசிரியர். அன்னையார் கணிதம் கற்றவர். நீண்ட வழியில் சென்று விடை காண்பதைவிட, சுருங்கிய தெளிந்த வழியைத் தேடுவதே கணிதத்தின் அழகு என்னும் எண்ணம் அன்னையாரிடமிருந்தே அவருக்கு வாய்த்தது. அவர் பத்து வயதை நிறைவு செய்த அதே வாரத்தில், 1940 மே 14ஆம் நாள், ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி செருமானிய வானூர்திகளின் குண்டுவீச்சால் அழிந்தது. போரும் அயலார் ஆட்சியும் சூழ்ந்த காலத்திலேயே அவருடைய பள்ளிப் பருவம் கழிந்தது.

இலத்தீனும் கிரேக்கமும் பயிற்றுவிக்கும் பழம்பெரும் பள்ளி ஒன்றில் அவர் பயின்றார். சட்டம் படித்து, ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் சார்பில் பணியாற்ற வேண்டும் என்பதே இளமையில் அவர் கொண்ட விருப்பம். ஆனால் அறிவியல் பாடங்களில் அவர் பெற்ற சிறந்த மதிப்பெண்கள் அவரை வேறு வழியில் திருப்பின. 1948இல் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் கற்கத் தொடங்கினார்.

1951ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையை மூன்று வாரங்களில் கற்பிக்கும் வகுப்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பு தந்தையார் கண்ணில் பட்டது. நன்கு படித்த மகனுக்குப் பரிசு போல அவ்வகுப்புக்குச் செல்லும் வாய்ப்பு வழங்கப்பட்டது. அந்த மூன்று வாரங்களே அவர் வாழ்வின் திருப்புமுனை. 1952 மார்ச்சு மாதம் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில், அறிஞர் ஆட்ரியான் வான் வைன்கார்டனின் கீழ், நிரலாளராகப் பணியில் அமர்ந்தார். அந்நாட்டில் அப்பெயர் தாங்கிய பணியை ஏற்ற முதல் மனிதர் அவரே.

பெயரில்லாத தொழில்

அக்காலத்தில் நிரல் எழுதுவது ஒரு கல்வித் துறையாக மதிக்கப்படவில்லை. பொறியை அமைத்தவருக்கே பெருமை. அதற்கு ஆணைகளை எழுதியவரை யாரும் பொருட்படுத்தவில்லை. இயற்பியல் அறிஞராவதா, நிரலாளராவதா என்ற ஐயம் டைக்ஸ்ட்ராவை வாட்டியது. 1955இல் தம் தலைவரிடம் சென்று, நிரலாக்கத்துக்கென்று மதிக்கத்தக்க அறிவுத் தொகுதி எங்கே இருக்கிறது என்று மனம் விட்டுக் கேட்டார். கணிப்பொறிகள் இனி நிலைத்திருக்கப் போகின்றன என்றும், அத்தொழிலை மதிப்புக்குரிய துறையாக ஆக்குபவர்களுள் அவரும் ஒருவராகலாம் என்றும் வான் வைன்கார்டன் அறிவுறுத்தினார். ஆயத்தமாக இருந்த பெருமையை நாடாமல், இனிமேல்தான் ஆக்கப்பட வேண்டிய பெருமையை அவ்விளைஞர் தேர்ந்துகொண்டார்.

1957இல் மரியா டெபெட்ஸ் அம்மையாரை அவர் மணந்தார். திருமணப் பதிவின்போது தம் தொழில் நிரலாளர் என்று எழுதித் தந்தார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சியார் அதனை ஏற்க மறுத்துவிட்டனர். ஆகவே இயற்பியலாளர் என்றே ஏட்டில் பதிவாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே, இரண்டு நகரங்களுக்கு இடையில் மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது ஏறத்தாழ இருபது மணித்துளிகளில், எழுதுகோலும் தாளும் இன்றி, மனத்திலேயே அவர் வகுத்திருந்தார். 1959இல் அச்சேறிய அம்முறை இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஏட்டில் இடம் பெறாத தொழிலில்தான் அவர் இத்தகைய செயல்களைச் செய்துகொண்டிருந்தார்.

எதிர்பாராத் தடங்கல்

அவருடைய நண்பர்களான லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் புதிய கணிப்பொறிகளை வடிவமைத்து வந்தனர். அவர்கள் அமைத்த எக்ஸ்-1 என்னும் பொறியில் ஒரு புதுமை இருந்தது. பொறி ஒரு பணியில் ஈடுபட்டிருக்கும்போதே, வெளிக்கருவி ஒன்று அழைத்தால், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அழைப்பைக் கவனிக்கும். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்புதுமையைக் கேட்டதும் டைக்ஸ்ட்ரா மகிழவில்லை, அஞ்சினார். தடங்கல் எந்தக் கணத்தில் வரும் என்று யாராலும் சொல்ல இயலாது. அதனால் விளையும் பிழையும் இன்று தோன்றும், நாளை மறையும். மீண்டும் தோன்றச் செய்து ஆராயவும் முடியாது. இவ்வச்சத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. அதனையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, அப்பொறிக்கு எழுதிய நிரல்களைக் கொண்டே 1959இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் அஞ்சியது ஏன் என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். பள்ளி ஒன்றில் நூறு மாணவர் பயில்வதாகவும், பொதுப் பெட்டியில் சில சிலேட்டுகள் மட்டும் இருப்பதாகவும் கொள்வோம். வேண்டியவர் ஒன்றை எடுத்து எழுதுகிறார், வேலை முடிந்ததும் துடைத்துப் பெட்டியில் வைக்கிறார், அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் புதிய சிலேட்டு வாங்குவதைவிட இது சிக்கனமானது. கணிப்பொறியும் இவ்வாறே செய்கிறது. தகவலைச் சற்று நேரம் தாங்கி வைக்கும் நினைவகப் பகுதிக்கு இடையகம் என்று பெயர். பஃபர் என்றும் வழங்குவர். ஒவ்வொரு வேலைக்கும் புதிய இடம் கேட்டுப் பெறுவது காலத்தை விழுங்கும். ஆதலால் சில இடையகங்களைப் பொதுத் தொகுப்பாக வைத்து, எடுத்துப் பயன்படுத்தி, மீண்டும் தொகுப்பில் சேர்த்துவிடுகின்றனர். ஒரே நிரலுக்குள் ஒரே காலத்தில் இயங்கும் வேலைத் தொடர்களை இழைகள் என்பர். பல இழைகள் ஒரு தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளும்போதுதான் இடர் தோன்றுகிறது.

பெட்டியில் ஐந்து சிலேட்டுகள் உள்ளன என்று ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கிறது. இரு மாணவர் ஒரே கணத்தில் அத்தாளைப் பார்க்கின்றனர். ஐந்தாவது சிலேட்டு தமக்கே என்று இருவரும் கருதுகின்றனர். இருவரும் ஐந்தை அடித்து நான்கு என்று திருத்துகின்றனர். இப்போது ஒரே சிலேட்டில் இருவர் எழுதுகின்றனர். தாளிலோ கணக்கு ஒழுங்காக இருப்பது போலத் தோன்றுகிறது. இது முதல் வகைக் கேடு. சிலேட்டைத் திருப்பி வைத்த மாணவர், அதன் மீது வைத்த கையை எடுக்காமல் மேலும் எழுதிக்கொண்டே இருந்தால், அடுத்தவர் எழுத்து கெடும். இது இரண்டாம் வகை. திருப்பித் தந்த ஒன்றையே மறுபடியும் தந்ததாகக் கணக்கில் ஏற்றினால், ஒரு சிலேட்டு இருவருக்கு வழங்கப்படும். இது மூன்றாம் வகை. துடைக்காமல் வைத்தால் ஒருவருடைய மறைபொருளை மற்றவர் படித்துவிடுவார். இது நான்காம் வகை. இவற்றுள் முதல் மூன்றும் எல்லா நாளும் நிகழ்வதில்லை. ஆயிரம் முறை ஒழுங்காக நடந்து, ஆயிரத்தோராம் முறை இரு செயல்கள் ஒரே கணத்தில் நேரும்போது மட்டும் வெளிப்படுவதும் உண்டு. ஆகவே பலமுறை ஓட்டிப் பார்த்துப் பிழையில்லை என்று முடிவு செய்வது இங்கே பயன்படாது.

கைகாட்டி தந்த விடை

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பொதுப்பொருளைத் தொட வேண்டும். அதே வேளையில், எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் முடிவில்லாமல் காத்துக் கிடக்கும் நிலையும் நேரக்கூடாது. இவ்விரண்டையும் நிறைவேற்றும் முறை உண்டா என்னும் வினாவை டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமில் தம் தோழர்களிடம் வைத்தார். எளிதாகத் தோன்றிய அவ்வினா பலரைத் தடுமாறச் செய்தது. இரண்டு பங்காளிகளுக்கு மட்டும் பொருந்தும் விடையை டெக்கர் என்னும் கணித அறிஞர் கண்டார். எத்தனை பேராயினும் பொருந்தும் விடையை டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்டார். ஒரே ஒரு பக்கம் கொண்ட அக்கட்டுரையே ஒருங்கியங்கும் நிரல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கமாக இன்றும் போற்றப்படுகிறது.

இதற்கிடையில், 1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் கணிதப் பேராசிரியரானார். அங்கே அவர் மேலும் எளிய கருவி ஒன்றை அமைத்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் மோதாமல் காப்பது கைகாட்டி மரம். கை தாழ்ந்தால் வண்டி செல்லலாம். தாழாவிட்டால் நிற்க வேண்டும். அக்கைகாட்டியின் ஆங்கிலப் பெயரான செமபோர் என்பதையே தம் கருவிக்கும் சூட்டினார். அது ஓர் எண்ணைத் தாங்கியது. அதன் மேல் இரண்டு செயல்கள் மட்டுமே இயலும். உள்ளே செல்ல விரும்புபவர் எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். எண் சுழியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். வெளியேறுபவர் ஒன்றைக் கூட்ட வேண்டும். காத்திருப்பவர் ஒருவருக்கு அதனால் வழி திறக்கும். குறைப்பதும் கூட்டுவதும் இடையில் எவரும் புகுந்து பிரிக்க முடியாத ஒற்றைச் செயல்கள். கருவியின் ஆற்றல் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது.

1965இல் எழுதிய நீண்ட ஆராய்ச்சிக் குறிப்பில், இடையகத் தொகுப்பை ஒழுங்குபடுத்தும் வழியை அவர் விளக்கினார். ஒருவர் தகவலை நிரப்புகிறார். மற்றவர் எடுத்துப் பயன்படுத்துகிறார். நடுவில் உள்ள இடமோ அளவுக்கு உட்பட்டது. இதற்கு மூன்று கைகாட்டிகள் போதும். வெற்றிடங்கள் எத்தனை என்று ஒன்று எண்ணும். நிரம்பியவை எத்தனை என்று மற்றொன்று எண்ணும். மூன்றாவது, தொகுப்பை ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி வாயிலைக் காக்கும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நிரப்ப வருபவர் முதலில் வெற்றிடம் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே வாயிலுக்குள் செல்ல வேண்டும். முதலில் வாயிலுக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு, பின்பு வெற்றிடத்துக்காகக் காத்திருந்தால், வெற்றிடம் உண்டாக்க வேண்டியவர் உள்ளே வர இயலாது. அவருக்காக இவரும், இவருக்காக அவரும் காத்திருந்து, வேலை முழுவதும் நின்றுபோகும். இந்த முட்டுக்கட்டை நிலையையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் அவர் அக்குறிப்பிலேயே ஆராய்ந்தார்.

ஐந்தோவனில் எழுந்த கட்டடம்

கொள்கையோடு அவர் நின்றுவிடவில்லை. அறுவர் கொண்ட சிறு குழுவுடன், எக்ஸ்-8 என்னும் பொறிக்கு ஓர் இயக்கமுறையை உருவாக்கினார். அது 1967இல் அமெரிக்காவில் நடைபெற்ற கருத்தரங்கில் முன்வைக்கப்பட்டு, 1968இல் கட்டுரையாக வெளிவந்தது. அப்பொறியின் உள் நினைவகம் ஏறத்தாழ 32,000 சொற்கள் மட்டுமே கொண்டது. அச்சிறிய இடத்தைப் பல பணிகள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆதலால் நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்து, எப்பணிக்கும் நிலையாக உரியதாக்காமல், வேண்டும்போது தந்து, வேண்டாதபோது மீட்டுக்கொள்ளும் முறையை அமைத்தார்.

அவ்வமைப்பு அடுக்குமாடி போன்றது. அடித்தளம் பணிகளுக்கு முறை வழங்கும். அதன் மேல் தளம் நினைவகப் பக்கங்களைப் பங்கிடும். அதற்கும் மேலே, இயக்குபவரோடு பேசும் தளமும், உள்ளே வருவனவற்றையும் வெளியே செல்வனவற்றையும் இடையகங்களில் தாங்கும் தளமும் அமைந்தன. மேல் தளத்தில் இருப்பவர் கீழ்த் தளத்தின் கவலையைச் சுமக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு தளமும் சரியென்று நிறுவப்பட்ட பின்னரே அடுத்தது எழுந்தது. இதன் பயன் வியப்புக்குரியது. சோதனையின்போது வெளிப்பட்டவை ஏறத்தாழ 500 ஆணைகளுக்கு ஒன்றாக நேர்ந்த சிறு எழுத்துப் பிழைகளே. அவை ஒவ்வொன்றும் பத்து மணித்துளிகளுக்குள் கண்டறியப்பட்டது.

அப்பெரும்பணி முடிந்தபின் குழு கலைந்தது. அவர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளானார். எழுதுவதையே மருந்தாகக் கொண்டு அதனைக் கடந்தார். நிரலைச் சீரிய கட்டமைப்போடு எழுதும் நெறியைப் பற்றி அப்போது அவர் எழுதிய குறிப்புகள் உலகெங்கும் நிரலாளர்களின் சிந்தனையை மாற்றின. 1972இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த சிறப்பான டூரிங் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஏட்டில் ஏற்கப்படாத தொழில் இவ்வாறு தலைநிமிர்ந்தது.

பிழையை ஒளிக்காத பெருமை

பயன்படுத்தி முடிந்த நினைவகத்தை மீட்டு மறுபடியும் வழங்கும் சிக்கலை அவர் பிற்காலத்திலும் விடவில்லை. ஒரு பணி நினைவகத்தைக் கையாண்டுகொண்டிருக்கும்போதே, மற்றொன்று அதனை நிறுத்தாமல், இனி எவருக்கும் தேவையற்ற இடங்களைத் திரட்டித் தொகுப்பில் சேர்ப்பது எப்படி என்று ஆராய்ந்தார். லாம்போர்ட், மார்ட்டின், ஸ்கோல்டன், ஸ்டெஃபன்ஸ் ஆகிய நால்வரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1978இல் வெளிவந்தது. அவ்விடை எளிதில் கிட்டவில்லை. சரியென்று பல வாரங்கள் பலரும் நம்பிய வழிகள், மெய்ப்பிக்க முயன்றபோது பிழையென்று வெளிப்பட்டன. இரண்டு சிறு செயல்களுள் எது முந்துவது, எது பிந்துவது என்பதே போதுமான பிழைக்கு இடமாயிற்று. உலகப் புகழ் பெற்ற ஐந்து அறிஞர்களும் தாம் இடறியதை மறைக்காமல் அக்கட்டுரையிலேயே எடுத்துரைத்தனர்.

இத்தகைய பிழை அறிஞர்களின் தாளோடு நிற்பதில்லை. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி, புற்றுநோயாளர் அறுவருக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் அதனால் மாண்டனர். கருவியை இயக்குபவர் விரைந்து திருத்தம் செய்யும்போது, ஒரே காலத்தில் ஓடிய இரண்டு பணிகள் பொதுவான தகவலை முறையின்றிக் கையாண்டது காரணங்களுள் ஒன்று. முந்திய கருவிகளில் இருந்த பாதுகாப்புத் தடுப்புகள் இதில் நீக்கப்பட்டிருந்தன. பல முறை ஒழுங்காக இயங்கியதையே சான்றாக நம்பியதன் விலை மனித உயிராயிற்று. சோதனை பிழை இருப்பதைக் காட்டக்கூடும். பிழை இல்லை என்று நிறுவ அதனால் இயலாது என்று டைக்ஸ்ட்ரா வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியதன் பொருள் இதுவே.

எளிய வாழ்வும் நிறைவும்

1973 முதல் பரோஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளராக, நியூனன் என்னும் சிற்றூரில் தம் இல்லத்திலேயே அமர்ந்து பணியாற்றினார். 1984இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1999இல் ஓய்வு பெற்றார். கணிப்பொறித் துறையின் முன்னோடியாகிய அவர் தம் கருத்துகளைக் கணிப்பொறியில் எழுதியவர் அல்லர். மையூற்றுப் பேனாவால் அழகிய கையெழுத்தில் எழுதி, எண்ணிட்டு, படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் மேலும் படியெடுத்துப் பிறருக்கு வழங்குவர். இவ்வாறு 1,300க்கும் மேற்பட்ட குறிப்புகள் கை மாறி உலகைச் சுற்றின. எழுதத் தொடங்கும் முன் முழுதும் சிந்தித்து முடிப்பது அவர் வழக்கம். இசையில், சிறப்பாக மோட்சார்ட்டின் இசையில், அவர் பெரிதும் ஈடுபாடு கொண்டவர். புற்றுநோயால் நலிவுற்றுத் தாயகம் திரும்பிய அவர், 2002 ஆகத்து 6ஆம் நாள், தம் 72ஆம் வயதில் நியூனனில் மறைந்தார். பகிர்ந்தியங்கும் கணிப்பொறித் துறையில் சிறந்த கட்டுரைக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசு 2003 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இளைஞர்களே! நிரல் எழுதும் தொழிலை ஏற்று, பொதுத் தொகுப்பிலிருந்து ஓர் இடையகத்தை எடுக்க நேரும் நாள் உங்களுள் பலருக்கு வரும். அந்நாளில் இவற்றை நினைவில் கொள்ளுங்கள். எடுப்பதும் வைப்பதும் எவரும் இடையில் புகாத ஒற்றைச் செயலாகட்டும். எடுத்தது எவர் கையில் இருக்கிறது என்பது எக்கணமும் ஐயமின்றி விளங்கட்டும். ஒருமுறை எடுத்ததை ஒருமுறை மட்டுமே திருப்பித் தாருங்கள். தந்தபின் அதனைத் தொடாதீர்கள். பிறர் கண்ணில் படத்தகாததை எழுதியிருந்தால் துடைத்துத் தாருங்கள். பிழை தென்படவில்லை என்பதோடு நின்றுவிடாமல், பிழை நேர இயலாது என்பதை உங்கள் அறிவால் உறுதி செய்யுங்கள். நீங்கள் எழுதும் வரிகளின் மறுமுனையில், உங்களை அறியாத ஒரு நோயாளி, உங்களை நம்பிப் படுத்திருக்கக்கூடும். அம்மனிதருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடனை நிறைவேற்றும் வழியை டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கை காட்டி நிற்கிறது.